நூறு ரூபாய்க்கு ஒரு போர்டின் ஜாதகம்: எம்சிஏ தளத்தின் டைரக்டர் விவரச் சேவை எப்படி?

பாரிமுனையிலோ வண்ணாரப்பேட்டையிலோ மொத்த வியாபாரம் செய்பவரிடம் ஒரு புது டெக்னாலஜி கம்பெனி வருகிறது. நாற்பது லேப்டாப், அறுபது நாற்காலி, நாற்பத்தைந்து நாள் கடன் என்கிறது. கூடவே வழுவழுப்பான ஒரு புத்தகத்தையும் நீட்டுகிறது. போர்டு உறுப்பினர்களின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும்: ஒருவர் ஐஐடி, ஒருவர் அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்தவர், ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.

படத்தில் இருப்பவர் நிஜமாகவே அந்தக் கம்பெனியின் டைரக்டர்தானா? எந்தத் தேதியிலிருந்து? இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தார்? அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? இந்த நான்குக்கும் பதில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தளத்தில் கிடைக்கும். பாதி இலவசம், மீதி ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். ஆளை வடிகட்டுவதற்கு இந்தச் சேவை தாராளமாகப் போதும். அவருடைய தொழில் அனுபவத்தை எடை போட வேறு காகிதங்களும் வேண்டும். அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

சரக்கு கைமாறிய பிறகு விசாரித்துப் பயனில்லை. பாக்கி வரவில்லை என்றால் திவால் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மனுப் போடலாம். அதைக் கேட்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் (என்சிஎல்டி) சென்னை அமர்வு ராஜாஜி சாலை கார்ப்பரேட் பவனில், ஜார்ஜ் டவுன் கடைகளிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2020 மார்ச் 24 முதல் அந்த மனுவுக்குக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். நாற்பது லேப்டாப் அந்தக் கணக்கில் வராது. டைரக்டர் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக அவர் சொத்தின் மேலும் கை வைக்க முடியாது. ஆகவே விசாரணையெல்லாம் முதல் டெலிவரி சலான் கிழிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

உள்ளே நுழைய என்ன வேண்டும்

தளத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். இரண்டு வகை உண்டு. தேடிப் பார்ப்பதற்கு 'ரெஜிஸ்டர்டு யூசர்' போதும், காசு கிடையாது. 'பிசினஸ் யூசர்' என்பது படிவம் தாக்கல் செய்கிற ஆடிட்டர், சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி), டைரக்டர்களுக்கானது. அதற்கு டிஜிட்டல் கையெழுத்து கேட்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து, சின் எனப்படும் கம்பெனி அடையாள எண். மொத்தம் 21 எழுத்து. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலானது, யூ என்றால் பட்டியலாகாதது. பிறகு ஐந்து இலக்கத் தொழில் குறியீடு, இரண்டு எழுத்து மாநிலம் (நமக்கு டிஎன்), நான்கு இலக்கத்தில் பிறந்த வருஷம், பிடிசி (பிரைவேட்) அல்லது பிஎல்சி (பப்ளிக்) போன்ற மூன்று எழுத்து, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். இந்த எண்ணை பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் அச்சிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம் 2013-இன் 12-ஆம் பிரிவு. கொட்டேஷன் காகிதத்தில் சின் இல்லை என்றால், ஒன்று அது கம்பெனியே இல்லை, அல்லது சின்ன விதியைக்கூட மதிக்காத கம்பெனி. எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப்) என்றால் சின் இருக்காது, ஏழு எழுத்தில் வேறு எண் இருக்கும். அதையும் இதே தளத்தில் தேடலாம். தனிநபர் கடையும் சாதாரண பார்ட்னர்ஷிப்பும் இங்கே வரவே வராது.

தொழில் குறியீட்டை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். இன்ஃபோசிஸின் சின் எல்85110கேஏ1981பிஎல்சி013115. தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2008 பட்டியலில் கணினி நிரலாக்கத்துக்கு 62, கல்விக்கு 85. பழைய பட்டியலில் வாங்கிய எண் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதே எண்ணில் 1981 என்ற வருஷம் மட்டும் பொய் சொல்லாது. 'பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று சொல்லும் கம்பெனியின் சின்னில் 2022 என்று இருந்தால், அனுபவம் ஆட்களுடையதா கம்பெனியுடையதா என்று நேராகவே கேட்டுவிடலாம்.

இலவசப் பக்கத்தில் எதைப் பார்ப்பது

'வியூ கம்பெனி மாஸ்டர் டேட்டா' என்ற பக்கத்தில் முதலில் ஸ்டேட்டஸ். 'ஆக்டிவ்' என்று இருந்தால் மேலே படிக்கலாம். 'ஸ்ட்ரைக் ஆஃப்' (பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம்), 'அண்டர் லிக்விடேஷன்' (கலைப்பில் இருக்கிறது) என்றெல்லாம் இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு கடைசி ஆண்டுப் பொதுக்குழுத் தேதியும் கடைசி பேலன்ஸ் ஷீட் தேதியும். மார்ச்சில் கணக்கு முடித்த கம்பெனி செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். அதிலிருந்து 30 நாளில் ஏஓசி-4 என்ற கணக்குப் படிவம், 60 நாளில் எம்ஜிடி-7 என்ற ஆண்டு அறிக்கை. கடைசி நாள் வரை இழுத்தாலும் நவம்பர் 29-க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், அமைச்சகம் அவகாசம் கொடுத்த வருஷங்கள் தவிர. ஜனவரியில் பார்க்கும்போது பேலன்ஸ் ஷீட் தேதி முந்தைய ஆண்டிலேயே நிற்கிறது என்றால் கேள்வி கேட்க உரிமை உண்டு. இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தால் விவகாரம் பெரிது, ஏனென்றால் தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 164(2) பிரிவில் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழக்கிறார்கள். அந்த ஐந்து ஆண்டும் வேறு எந்தக் கம்பெனியிலும் புதிதாக நியமனம் பெற முடியாது.

அதன் பிறகுதான் டைரக்டர் பட்டியல்: பெயர், டின் எனப்படும் டைரக்டர் அடையாள எண், பதவி, நியமனத் தேதி. படிப்பு, முந்தைய வேலை, எதுவும் இருக்காது. 'தொழில் பின்னணி' என்று தேடி வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஆனால் இருக்கிற நான்கு தகவலிலேயே நிறைய விஷயம் உண்டு.

பதவியைப் பாருங்கள். 'அடிஷனல் டைரக்டர்' என்றால் போர்டு சேர்த்துக்கொண்டவர், அடுத்த பொதுக்குழு வரைதான் அவர் ஆயுள். அங்கே பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால் நிலைப்பார். 'நாமினி டைரக்டர்' என்றால் முதலீடு போட்ட நிறுவனமோ வங்கியோ உட்கார வைத்த ஆள். அவர் இருப்பது கம்பெனிக்குப் பெருமைதான், ஆனால் அவர் கண் அவருடைய முதலாளியின் பணத்தின் மேல் இருக்கும், உங்கள் பாக்கியின் மேல் இருக்காது. பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிகளின் விசிட்டிங் கார்டில் வரும் 'டைரக்டர் ஆஃப் இன்ஜினியரிங்' என்பது சம்பளப் படிநிலை, மேனேஜருக்கு மேலே ஒரு படி. அவருக்கு டின் இருக்காது, கம்பெனி சார்பில் ஜாமீன் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் தனியாகக் கொடுத்திருந்தால்தான் உண்டு. 'அட்வைசர்', 'மென்டார்', 'போர்டு அப்சர்வர்' எவருக்கும் சட்டத்தில் டைரக்டர் நாற்காலி கிடையாது. புத்தகத்தில் எட்டுப் படம், தளத்தில் இரண்டே பெயர் என்பது சகஜம். பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டரே போதும், பப்ளிக் லிமிடெட்டுக்கு மூன்று.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனித் தலைவலி. டின் வாங்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டும். கார்டில் 'எஸ். ரமேஷ்' என்று இருப்பவர் தளத்தில் 'ரமேஷ் சுப்பிரமணியன்' ஆகவோ 'சுப்பிரமணியன் ரமேஷ்' ஆகவோ இருப்பார். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். பெண்களுக்கு ஒரு கம்பெனியில் அப்பா பெயரும் இன்னொன்றில் கணவர் பெயருமாக இருக்கும். அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒருவருக்கு ஒரு டின்தான், அது பான் எண்ணோடு கட்டியது. எட்டு இலக்கம். 00 என்று தொடங்கினால் 2006-ஐ ஒட்டி, இந்த முறை வந்த புதிதில் வாங்கியது. 10 என்று தொடங்கினால் புதுசு. 'முப்பது ஆண்டாகப் பல போர்டுகளில் இருந்தவர்' என்று புத்தகம் சொல்ல, டின் 10-இல் தொடங்கினால் இரண்டே விளக்கம்தான் உண்டு: அந்த போர்டுகள் வெளிநாட்டில் இருந்தன, அல்லது இல்லவே இல்லை.

டின்னைத் தொடர்ந்து போனால்

ஒவ்வொரு டின்னையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் அந்த நபர் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் வரும். இதுதான் இந்தச் சேவையின் சாரம். இங்கே அவசர முடிவுக்கு வருகிறவர்கள்தான் அதிகம், எனவே கொஞ்சம் நிதானமாக.

டின் 'டீஆக்டிவேட்டட்' என்று இருந்தால் பெரும்பாலும் கேஒய்சி படிவம் போட மறந்திருக்கிறார் என்று அர்த்தம். 5,000 ரூபாய் கட்டினால் உயிர் வந்துவிடும். சோம்பல்தான், மோசடி ஆகாது. 'டிஸ்குவாலிஃபைட்' என்பது வேறு ரகம், மேலே சொன்ன 164(2). அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2017-இல் அமைச்சகம் நாடு முழுக்க மூன்று லட்சம் டைரக்டர்களுக்கு மேல் ஒரே வீச்சில் தகுதி நீக்கப் பட்டியலில் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தன் முன் வந்த வழக்குகளில் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. ஆண்டுகளை எண்ணியதிலேயே கோளாறு, விளக்கம் கேட்கவும் இல்லை என்பவை காரணங்கள். எனவே பழைய தகவலை வைத்து விற்கும் தனியார் தளங்களில் ஒருவர் பெயருக்கு எதிரே அந்த முத்திரை இருந்தால், அரசுத் தளத்தில் இன்றைய நிலையைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

முந்தைய கம்பெனி 'ஸ்ட்ரைக் ஆஃப்' ஆகியிருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். ஸ்டார்ட்அப் ஓடவில்லை என்றால் மூடத்தான் வேண்டும். எப்படி மூடினார் என்பதுதான் கேள்வி. தானே எஸ்டிகே-2 படிவம் போட்டு, கடன்களைத் தீர்த்ததாக உறுதிமொழி கொடுத்து மூடினால் ஒழுங்கான ஆள். எஸ்டிகே-1 நோட்டீஸ் அனுப்பியும் பதில் வராமல் கம்பெனிப் பதிவாளரான ஆர்ஓசி தானாகப் பெயரை நீக்கியிருந்தால், கதவைப் பூட்டிவிட்டுப் போனவர். ஆவணப் பட்டியலைத் திறந்தால் இந்த வித்தியாசம் தெரியும். அப்படிப் போனவை மூன்று நான்கு, எல்லாம் ஒரே முகவரி என்றால் கடன் கொடுக்காதீர்கள்.

ஒரே ஆள் பதினைந்து கம்பெனியில், எல்லாம் ஒரே ஆடிட்டர் அலுவலக முகவரி என்றால்? அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் ஒரு டைரக்டர் கட்டாயம். வெளிநாட்டு சாஃப்ட்வேர் கம்பெனிகள் இங்கே கிளை நிறுவனம் தொடங்கும்போது ஆள் இல்லாமல், ஆடிட்டரிடமோ சிஎஸ்-இடமோ கட்டணத்துக்கு ஒரு 'ரெசிடென்ட் டைரக்டர்' வாங்கிக்கொள்கின்றன. வாடகை டைரக்டர் என்று சொல்லலாம். சட்டப்படி தவறில்லை, 20 கம்பெனி என்ற உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும், அதில் பப்ளிக் கம்பெனி 10. ஆனால் அவரிடம் போய் 'உங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் எப்படி ஓடுகிறது' என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

'என் முதல் கம்பெனியை விற்றுவிட்டேன்' என்பது டெக்னாலஜி ஆட்கள் அடிக்கடி சொல்வது. அதையும் சோதிக்கலாம். விற்ற கம்பெனி இன்னொருவர் கையில் 'ஆக்டிவ்' ஆகவோ, இணைக்கப்பட்டு 'அமால்கமேட்டட்' ஆகவோ இருக்கும். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றால் விற்பனை நடந்தது எதை என்று கேளுங்கள். சில சமயம் மென்பொருளை மட்டும் விற்றுவிட்டுக் கூட்டை மூடியிருப்பார்கள், அது உண்மையான விற்பனைதான்.

அந்த நூறு ரூபாய்

'வியூ பப்ளிக் டாக்குமென்ட்ஸ்' பகுதியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த படிவங்களெல்லாம் திறக்கும். பார்க்க ஆரம்பித்ததிலிருந்து மூன்று மணி நேரம். அதனால் உட்கார்ந்து படிக்காதீர்கள், முதலில் எல்லாவற்றையும் இறக்குங்கள், படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போனில் வேண்டாம். பழைய பதிப்பில் தாக்கலான படிவங்கள் தனி வகை பிடிஎஃப், பிரௌசரிலும் போனிலும் 'ப்ளீஸ் வெயிட்' என்று ஒரு வெள்ளைப் பக்கம் மட்டுமே காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அடோபி ரீடரில் திறந்தால் சரியாக வரும். இணைப்புகள் தனிக் கோப்பாக 'ஆப்ஷனல் அட்டாச்மென்ட்' என்ற பெயரில் கிடக்கும். படிவத்தின் பெயர் முடிவில் உள்ள தேதியும் இணைப்பின் தேதியும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும்.

தொழில் பின்னணிக்கு எதை எடுப்பது? கம்பெனி தொடங்கியபோது கொடுத்த மெமோராண்டத்தின் கடைசிப் பக்கத்தில், முதல் பங்குகளை எடுத்துக் கையெழுத்துப் போட்ட சந்தாதாரர் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அவர் தொழில் என்ன என்று எழுதியிருக்கும். 'கோ-ஃபவுண்டர்' என்று சொல்பவர் அந்தப் பக்கத்தில் இல்லை என்றால் எப்போது வந்தார் என்று பார்க்க டிஐஆர்-12. டைரக்டர் சேர்ந்தாலும் விலகினாலும் 30 நாளில் போட வேண்டிய படிவம் இது. அதோடு வரும் டிஐஆர்-2 சம்மதக் கடிதத்தில் தொழில், ஏற்கெனவே எத்தனை கம்பெனியில் டைரக்டர், சிஏ அல்லது சிஎஸ் என்றால் உறுப்பினர் எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணை அந்தந்த இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர் தேடலில் போட்டால் பட்டம் மெய்யா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்ஜினியரிங் பட்டத்துக்கு இப்படி ஒரு பொது ஏடு இல்லை.

எம்ஜிடி-7-இல் அந்த ஆண்டு யார் வந்தார், யார் போனார், யார் எத்தனை போர்டு கூட்டத்துக்கு வந்தார் என்பது வரை இருக்கும். சின்னக் கம்பெனிகள் போடும் எம்ஜிடி-7ஏ சுருக்கமானது. ஏஓசி-4-உடன் வரும் ஆடிட்டர் அறிக்கையில் ஒரு வரியைத் தவறாமல் தேடுங்கள்: டைரக்டர் எவரும் 164(2)-இல் தகுதி இழந்திருக்கிறாரா என்று ஆடிட்டர் எழுதியே ஆக வேண்டும், 143(3)(ஜி) பிரிவு. மற்றவர்கள் சொல்வதை விட, தன் உறுப்பினர் எண்ணைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் சொல்வது மேல். கடைசியாக ஏடிடி-3 இருக்கிறதா என்று ஒரு பார்வை. அது ஆடிட்டர் பாதியில் விலகினால் அவரே போடும் படிவம். ஆடிட்டர் விலகலும் டைரக்டர் விலகலும் அடுத்தடுத்து வந்திருந்தால் அதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை.

அப்படி நடந்ததற்கு ஊரறிந்த உதாரணம் ஆன்லைன் கல்விக் கம்பெனியான பைஜூஸ். 2023 ஜூனில் ஆடிட்டர் டெலாய்ட் விலகியது. அதே மாதம் முதலீட்டாளர் தரப்பு டைரக்டர்கள் மூவரும் விலகினார்கள். போர்டில் மிஞ்சியது நிறுவனர், அவர் மனைவி, அவர் சகோதரர். படிவத்துக்கு 30 நாள் அவகாசம் இருப்பதால், இம்மாதிரி விலகல் செய்தியில் வந்த பிறகும் தளத்தில் பழைய பட்டியலே சில வாரம் தெரியலாம். ஒரு டைரக்டர் விலகியதைக் கம்பெனி மறைத்தால் அவரே டிஐஆர்-11 போட்டுத் தெரிவிக்க வழி உண்டு.

பட்டியலான கம்பெனி என்றால் தளமே வேண்டாம்

பங்கு வாங்க நினைக்கும் பெரம்பூர், கொளத்தூர் வாசகர்களுக்கு இந்தப் பகுதி. டிசிஎஸ், இன்ஃபோசிஸ் மாதிரிக் கம்பெனிக்கு நூறு ரூபாய் கட்டுவது வீண். ஆண்டறிக்கையின் 'கார்ப்பரேட் கவர்னன்ஸ் ரிப்போர்ட்' இதைவிடப் பல மடங்கு சொல்கிறது, அதுவும் காசில்லாமல். எம்சிஏ21 தளத்தின் முதல் பதிப்பை டிசிஎஸ் செய்தது, இரண்டாவதை இன்ஃபோசிஸ் நடத்தியது என்பது ஒரு வேடிக்கை. இப்போதைய மூன்றாம் பதிப்பு எல்&டி குழும ஐடி நிறுவனத்தின் கை.

அந்த அறிக்கையில் 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' என்ற அட்டவணை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி இருக்கும்: நிதி, டெக்னாலஜி, ரிஸ்க் என்று தலைப்புகள், டைரக்டர் பெயருக்கு நேரே டிக். பெரும்பாலான கம்பெனிகளில் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் டிக் இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதில், புது டைரக்டரை நியமிக்கும் ஆண்டின் பொதுக்குழு நோட்டீஸின் பின்னிணைப்பைப் படியுங்கள். செபி விதி 36(3)-இன்படி சுருக்கமான பயோடேட்டா, எந்தத் துறையில் நிபுணர், மற்ற டைரக்டர்களுக்கு உறவா, கடந்த மூன்று ஆண்டில் எந்தப் பட்டியலான கம்பெனியிலிருந்து விலகினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசித் தகவல்தான் தங்கம்.

டெக்னாலஜி கம்பெனி போர்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இன்ஃபோசிஸின் 2024 மார்ச் போர்டில் தலைவர் நந்தன் நீலேகனி ஐஐடி மும்பை எலக்ட்ரிக்கல், ஆதார் ஆணையத்தின் முதல் தலைவர். சிஇஓ சலில் பரேக் கேப்ஜெமினியிலிருந்து 2018 ஜனவரியில் வந்தவர். ஆனால் டி. சுந்தரம், நிதின் பராஞ்சபே இருவரும் இந்துஸ்தான் யூனிலீவரில் இருந்தவர்கள், சோப்பும் டீயும் விற்கிற கம்பெனி. பாபி பாரிக் வரி நிபுணர். கோவிந்த் ஐயர் பெரிய பதவிகளுக்கு ஆள் தேடும் தொழிலில் இருந்தவர். டெக்னாலஜி பக்கம் சித்ரா நாயக் சேல்ஸ்ஃபோர்ஸில் இருந்தவர், மைக்கேல் கிப்ஸ் பிபி எண்ணெய் நிறுவனத்தின் ஐடி தலைமையில் இருந்தவர். இந்தக் கலவை தற்செயல் இல்லை. போர்டின் உண்மையான உழைப்பு கமிட்டிகளில் நடக்கிறது. ஆடிட் கமிட்டியில் குறைந்தது மூன்று டைரக்டர், மூன்றில் இரண்டு பங்கு இண்டிபெண்டன்ட் (கம்பெனியைச் சாராதவர்), ஒருவராவது கணக்கியல் அறிந்தவர் என்பது விதி. சம்பளம், நியமனம் பார்க்கும் கமிட்டிக்கு ஆள் தேடும் தொழில் தெரிந்தவர் பொருத்தம். சைபர் பாதுகாப்பு வருவது ரிஸ்க் கமிட்டியின் கணக்கில், அங்கே பெரிய ஐடி துறையை ஓட்டிய அனுபவம் இல்லாதவர்களே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டிசிஎஸ் வேறு மாதிரி. தலைவர் என். சந்திரசேகரன் மோகனூர்க்காரர், திருச்சி ஆர்இசியில் (இன்றைய என்ஐடி) எம்சிஏ பட்டம், 1987-இல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து 2009-இல் சிஇஓ ஆனவர். 2023 ஜூனில் சிஇஓ ஆன கே. கிருத்திவாசன் கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் படித்தவர், 1989-இல் சேர்ந்தவர். இரண்டு பேருமே வீட்டுப் பிள்ளைகள். வெளி அனுபவத்தை கேக்கி மிஸ்திரி மாதிரி எச்டிஎஃப்சி நிதி ஆளும், கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்தின் சான்சலரான கணினி விஞ்ஞானி பிரதீப் கோஸ்லாவும் கொண்டுவந்தார்கள்.

பின்னணி மட்டும் காப்பாற்றாது என்பதற்கு சத்யம் என்ற ஐடி கம்பெனியே போதும். ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் கேபினட் செயலர், பென்டியம் கம்ப்யூட்டர் சில்லோடு சேர்த்துச் சொல்லப்படும் பொறியாளர், ஐஎஸ்பி என்ற மேலாண்மைப் பள்ளியின் டீன் எல்லோரும் அந்த போர்டில் இருந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று தலைவரின் குடும்பத்து மேடாஸ் கம்பெனிகள் இரண்டை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7-இல் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். சத்யத்தை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டால் மேடாஸ், ஒளித்துக்கூட வைக்கவில்லை. டின்னைத் தொடர்ந்து போகும்போது குடும்பக் கம்பெனிகளையும் குறித்துக்கொண்டு, பேலன்ஸ் ஷீட்டின் 'ரிலேட்டட் பார்ட்டி' (சொந்தபந்தக் கொடுக்கல் வாங்கல்) குறிப்பில் அதே பெயர்கள் எவ்வளவு தொகையோடு வருகின்றன என்று பார்ப்பது ஒரு பட்டியலான கம்பெனிக்கும் அவசியம்.

அமெரிக்காவில் பட்டியலான நம்மூர்க் கம்பெனிகளுக்கு இந்தத் தளம் பாதிதான் உதவும். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. தாய் நிறுவனம் அங்கே, இங்கே இருப்பது துணை நிறுவனம். எம்சிஏ-வில் தெரிவது துணை நிறுவன டைரக்டர்கள் மட்டுமே. உண்மையான போர்டின் பின்னணி அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசியின் எட்கர் தளத்தில், பொதுக்குழுவுக்காகப் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் வரும் ப்ராக்ஸி அறிக்கையில் விரிவாக, இலவசமாகக் கிடைக்கும்.

குறைகள், விலை, மாற்று

பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது பின்தங்கித்தான் இருக்கிறது. அங்கே டைரக்டரின் பிறந்த மாதமும் வருஷமும், விலகிய பதவிகள், தாக்கல் செய்த ஆவணங்கள் எல்லாம் ஒரு பைசா இல்லாமல், லாகின் இல்லாமல் வரும். இங்கே நான்கு டைரக்டர், ஆளுக்கு மூன்று பழைய கம்பெனி என்றால் எல்லாவற்றையும் திறக்க 1,300 ரூபாய் ஆகிறது. அவ்வளவும் தேவையில்லை. கடன் கேட்கும் கம்பெனிக்கு ஒரு நூறு, சந்தேகம் வந்த பழைய கம்பெனிக்கு ஒரு நூறு, அவ்வளவே. தனியார் தளங்கள் இதே அரசு ஆவணங்களை அழகாக அடுக்கித் தருகின்றன. பல ஆண்டுக் கணக்கை ஒரே பக்கத்தில் பார்க்க வசதி. வாங்கும் முன் 'கடைசியாகப் புதுப்பித்த தேதி' என்ன என்று மட்டும் பாருங்கள்.

தளம் தராத ஒன்றைக் கால் தரும். மாஸ்டர் டேட்டாவில் உள்ள பதிவு அலுவலக முகவரிக்கு ஒரு முறை நேரில் போய் வாருங்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய எண், புதிய எண் குழப்பம் இருக்கும், இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே கம்பெனியின் பெயரும் முகவரியும் எழுதிய பலகை இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, வட்டார மொழி எழுத்திலும் இருக்க வேண்டும். இதுவும் அதே 12-ஆம் பிரிவுதான். வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டுவது குற்றமில்லை. பலகையே இல்லாமல், 'அவங்க காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு' என்று மாடி வீட்டம்மா சொன்னால்தான் பிரச்சினை.

இறக்கிய பிடிஎஃப் உங்கள் தகவலுக்கு மட்டும். வழக்குக்கு வேண்டுமென்றால் சான்றளித்த நகலை இதே தளத்தில் கேட்கலாம், பக்கத்துக்கு 25 ரூபாய். கார்ப்பரேட் பவன் என்ற பெயரைப் பார்த்து ராஜாஜி சாலையில் போய் விசாரிக்க வேண்டாம். சென்னை ஆர்ஓசி இருப்பது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவனில்.